பாதுகாக்கப்பட்ட திசுவும் நீத்தார் இசைவும்: ஓர் அறவியல் நோக்கு

முதுமையை ஆராய்வோர் ஒரு வாழ்நாள் முடியும்வரை காத்திருத்தல் அரிது. ஆதலின், வாழ்ந்து மறைந்தோரின் பாதுகாக்கப்பட்ட திசுக்களிலிருந்து மரபுப்பொருளை மீட்டெடுக்க முற்படுகின்றனர். இசைவு தர இயலாத நீத்தாரின் மரபுச்செய்தியைப் படிக்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டெனின், அது எக்கடமையோடு பிணைந்துள்ளது? இவ்வினாக்களை ஒரு நிகழ்வின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செருமனியின் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் 1901இல், தம் 51ஆம் அகவையில், சேர்க்கப்பட்டவர் அகுஸ்தெ டெட்டர். 1906இல் அவர் இறந்தபின் அவருடைய மூளைத்திசுவை ஆராய்ந்த அலாய்சு அல்சைமர், பின்னாளில் தம் பெயரால் வழங்கலான மறதிநோயை விளக்கினார். அத்திசுவைத் தாங்கிய கண்ணாடித் தகடுகள் 1990களில் மியூனிக்கில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து பெற்ற டி.என்.ஏ.வில் பிரிசினிலின்-1 மரபணுப் பிறழ்வு உள்ளதென 2012இன் இறுதியில் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. 2014இல் மற்றொரு குழு அப்பிறழ்வை உறுதிப்படுத்த இயலவில்லை என்றது.

எக்குழுவின் முடிவு சரியானது என்பது ஈண்டு ஆராயப்படவில்லை. பழந்திசுவின் இயல்பே ஐயத்திற்கு இடந்தருவது. காலப்போக்கில் டி.என்.ஏ. சிறுசிறு துண்டுகளாகச் சிதைகிறது. பார்மலின் அதனைப் புரதங்களோடு பிணைத்துவிடுகிறது. சைட்டோசின் என்னும் காரம் வேதிமாற்றம் அடையின், ஆய்வில் அது தைமின் எனப் படிக்கப்படும். இறந்தபின் நேர்ந்த சிதைவு, பிறப்பிலேயே அமைந்த பிறழ்வுபோல் தோன்றிவிடும்.

பூதவுடல் அழிந்தவர்க்கு இதனால் நேரும் தீங்கு யாது என வினவலாம். மரபணு ஒருவர்க்கே உரிய பொருளன்று. அது வழிவழி வருவது. மேற்குறித்த வகைப் பிறழ்வு ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. எனவே, நீத்தார்பற்றிய கூற்று அவர்தம் வழித்தோன்றல்களையும் சாரும். பெயர் நீக்கப்பட்ட எஞ்சிய மாதிரிகளுக்கு, அறநெறிக்குழுவின் ஒப்புதலோடு, இசைவுபெறுவதிலிருந்து விலக்களிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடந்தருகின்றன. பெயரும் வரலாறும் உலகறிந்த ஒருவர்க்கு அக்காப்பு பயன்படாது.

இக்காரணம்பற்றி இத்தகைய ஆய்வையே தடுப்பின், வாழ்வோர்க்கு விளையும் நன்மை இழக்கப்படும். கேட்டுப் பெற இயலாத இசைவின் இடத்தை ஆய்வாளரின் கட்டுப்பாடே நிரப்புதல் வேண்டும். தனித்தனி ஆய்வகங்களில் மீள்சோதனை செய்தலும், முடிவு உறுதிப்படும்வரை அதனைப் பெயரோடு இணைத்து வெளியிடாமையும் அக்கட்டுப்பாட்டின் கூறுகளாம். வாழ்வோர் தம்மைப்பற்றிய பிழையை மறுத்துரைக்கலாம். நீத்தார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, அவர்பற்றிக் கூறுமிடத்து ஐயத்தை ஐயமாகவே உரைத்தல் ஆய்வுநெறியாவதோடு அறமும் ஆகும் எனலாம்.