சிகிரியாச் சுவரில் ஒரு பெயர்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், காட்டின் நடுவே ஏறக்குறைய 180 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாறை சிகிரியா. தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த காசியப்பன் அநுராதபுரத்தை விட்டு வந்து, கி.பி. 477 முதல் 495 வரை இங்கிருந்து ஆண்டான். அவனை வென்ற சகோதரன் முகலன் தலைநகரைத் திரும்ப அநுராதபுரத்துக்கே கொண்டுபோனான். பதினெட்டு ஆண்டுத் தலைநகர் அத்தோடு முடிந்தது. பார்க்க வருகிறவர்கள் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கூட்டமாக வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள், கோயில் சபையார் என்று பணம் சேர்த்து பஸ் பிடித்து, இரவோடு இரவாகப் புறப்பட்டு விடியலில் வந்து இறங்குகிறார்கள். சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக ஏறத் தொடங்கினால், படிகளில் ஒருவர் பின் ஒருவராக நகர வேண்டும். பின்னால் வருகிறவர் தள்ள, முன்னால் போகிறவர் இழுக்க, பாறையில் தீட்டிய பெண்களின் ஓவியங்களுக்கு முன் நிற்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பிற்பகலில் தம்புள்ளைக் குகைக் கோயிலும் பார்த்தாக வேண்டும்.

ஓவியங்களைப் பார்த்து இறங்கியதும் வருவது கண்ணாடிச் சுவர். செங்கல் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியதாகச் சொல்லப்படுகிற சுவர். 2015 பிப்ரவரியில், குழுவாகச் சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் இந்தச் சுவரில் தன் பெயரைக் கீறினார். கையில் இருந்தது கொண்டை ஊசி. நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. பலரும் குரல் எழுப்ப, அதே ஆண்டில் ஜனாதிபதியின் மன்னிப்பில் விடுதலையானார். வழக்கு முடிந்தது. கொண்டை ஊசி மனதை விட்டு அகல மறுக்கிறது.

ஏனென்றால் அதே சுவரின் பெருமையே கீறல்கள்தான். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை வந்தவர்களே அதிகமாக எழுதியிருக்கிறார்கள். பிக்குகள், போர்வீரர்கள், அரச குடும்பத்தார், பெண்கள் எனப் பலரும் பாட்டெழுதி, பெயரையும் ஊரையும் சேர்த்து வைத்தார்கள். பெரும்பாலான பாடல்கள் மேலே தீட்டப்பட்டுள்ள பெண்களைப் பார்த்துப் பேசுகின்றன. எழுத்துகள் மயிரிழை அளவு மெல்லியவை. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த அந்தக் கோடுகளைப் பல ஆண்டுகள் உழைத்துப் பிரித்துப் படித்த தொல்லியலாளர் செனரத் பரணவிதான, 685 பாடல்களை 1956இல் நூலாக்கினார். பழைய சிங்களக் கவிதைக்கு அது பெரும் புதையல். அன்றைய ஆணியும் இன்றைய கொண்டை ஊசியும் சாந்தின் மேல் செய்த வேலை ஒன்றுதான்.

எழுத்தைக் கீறுவது இந்த மாவட்டத்துக்கு அந்நியமான தொழிலும் அல்ல. மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே உள்ள அளுவிகாரையில்தான், வாய்மொழியாக வந்த பௌத்த மறைநூல்கள் கி.மு. முதல் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியதாக மரபு. எழுத்தாணியால் ஓலையைக் கீறி, மை தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்கும். ஓலைக்குக் காயம் படாமல் எழுத்துப் பிறக்காது.

தமிழ்ப் பிள்ளைகளின் கை இதை ஓலை இல்லாமலே கற்றுக்கொள்கிறது. கற்றாழை மடலில் முள்ளால் பெயர் எழுதாத பிள்ளை ஊரில் அரிது. பச்சையாக எழுதியது சில நாளில் வெளுத்துத் தழும்பாகும். மடல் வாழும்வரை பெயரும் இருக்கும். வகுப்பு மேசையிலும் கவராயத்தின் முனை இதே வேலையைச் செய்கிறது. இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. கடல் கடந்த அந்த மனிதர்களும் பெயரைக் கீறியிருக்கிறார்கள். ஆனால் அது பானையில். பிறர் கட்டிய சுவரில் அல்ல.

இந்த வேறுபாடு போதுமா என்றால், போதாது. சிகிரியாவின் பழைய கவிகளுக்கும் சுவர் சொந்தமில்லை. அவர்கள் ஓவியத்துக்குப் பதில் சொன்னார்கள், அந்த இளம்பெண் வெறும் பெயரை எழுதினார் என்று வாதிடலாம். ஆனால் அவர்களுக்கு நின்று பார்க்க நேரம் இருந்தது. பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டிய ஒருவருக்குப் பெயரை எழுதும் நேரமே இருந்தது. அன்று சுவரில் இடம் இருந்தது. இன்று ஒவ்வொரு புதுக் கோடும் ஒரு பழைய கவிதையின் மேல் விழக்கூடும். 1967இல் ஓவியங்கள் மீது சாயம் பூசி நாசம் செய்ததை நாடு மறக்கவில்லை. ஆகவே தடை சரியானது. இரண்டு ஆண்டுச் சிறை சரியல்ல. ஆனால் வந்துபோனதற்கு ஓர் அடையாளம் விட்டுப்போக வேண்டும் என்ற ஆசை எப்போது குற்றமாகிறது, எத்தனை நூற்றாண்டு கழிந்தால் அதுவே சொத்தாகிறது என்பதற்குச் சட்டத்திலும் வரலாற்றிலும் தெளிவான விடை இல்லை.

சுற்றுலா அழைத்துப்போகிறவர்கள் ஒன்று செய்யலாம். பாறை கண்ணுக்குத் தெரியும் முன்பே, பஸ்ஸுக்குள் வைத்தே, அந்தச் சுவரில் யார் யார் என்ன எழுதினார்கள் என்று எல்லோருக்கும் விளங்கும் மொழியில் சொல்லுங்கள். சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவும் விடுங்கள்.