குற்றம் நீங்கிய வரையறை

விருத்தாசலத்திலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் இருக்கிறது பெண்ணாடம். தேவாரப் பாடல் பெற்ற தூங்கானைமாடக் கோயில் இவ்வூரில் உள்ளது. சைவ சித்தாந்தத்தின் தலைமை நூலாகிய சிவஞானபோதத்தை 13ஆம் நூற்றாண்டில் தமிழுக்குத் தந்த மெய்கண்டார் பிறந்த ஊரும் இதுவே. அறிவியல், கணிதக் கருத்துகளை எவ்வாறு மேலும் துல்லியமாக வரையறுப்பது என்று ஆராயப் புகும்போது ஒரு சமய நூலை முதலில் வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் இங்கு எடுத்துக்கொள்வது அந்நூலின் சமயப் பொருளை அன்று, அதன் கட்டமைப்பை.

சிவஞானபோதத்தின் சூத்திரங்கள் 12. அவற்றின் மொத்த அளவு 40 அடிகள். ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்களாகப் பகுக்கப்படும். ஒவ்வோர் அதிகரணத்திலும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்று உறுப்புகள் வரும். மேற்கோள் என்பது இங்கே பிறர் சொன்னதை எடுத்துக் காட்டுவதன்று. ஆசிரியர் நிறுவ மேற்கொண்ட கூற்று. ஏது அதற்கான காரணம். எடுத்துக்காட்டு அக்காரணத்தை விளக்கும் வெண்பா. இந்த அமைப்பின் பயனை ஊன்றி நோக்க வேண்டும். உடன்படாத ஒருவர், தாம் எந்த உறுப்பில் மாறுபடுகிறார் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். மறுப்பதற்கு இடம் தெளிவாக இருக்கும்படி எழுதுவதே துல்லியத்தின் முதல் நிலை. தெளிவில்லாத கூற்றை யாரும் மறுக்க இயலாது; ஆகவே அதைத் திருத்தவும் இயலாது.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார். அவர் தம் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவை பற்றிப் பேசும்போது, ஒரு பொருளின் இயல்பை இரண்டாகப் பிரிக்கிறார். பிற இனங்களிலிருந்து மட்டுமன்றித் தன் இனத்திலிருந்தும் அதை வேறுபடுத்திக் காட்டுவது தன்னியல்பு. பிற இனங்களை விலக்கித் தன் இனத்துக்கெல்லாம் ஒத்து நிற்பது பொதுவியல்பு. வரையறை என்று நாம் இன்று வழங்குவது பெரும்பாலும் இப்பொதுவியல்பைத்தான். அதற்குச் செயல்கள் இரண்டு: அயலானதை விலக்க வேண்டும், உரியதை எல்லாம் தழுவ வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் வரையறை பழுதாகும்.

எவ்வாறெல்லாம் பழுதாகும் என்பதைத் தருக்க நூலார் மூன்றாக வகுத்தனர். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தை, 18ஆம் நூற்றாண்டில் தமிழில் தந்தவர் சிவஞான முனிவர்; சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியவரும் அவரே. தருக்க மரபில் வழங்கும் எடுத்துக்காட்டு பசு. கபில நிறமுடையது பசு என்றால், வெள்ளைப் பசு விடுபடும், இது அவ்வியாப்தி. கொம்புடையது பசு என்றால், எருமையும் உள்ளே வரும், இது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றால், ஒரு பசுவும் அகப்படாது, இது அசம்பவம். கழுத்தின்கீழ் தொங்கும் அலைதாடியைச் சொன்னால் மூன்று குற்றமும் நீங்கும் என்பது அவர்கள் முடிபு.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வது நல்லது. நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் உள்ளன. அவற்றை அவ்வியாப்தியோடும் அதிவியாப்தியோடும் இணை சேர்த்துப் பார்க்க மனம் விரையும். ஆனால் உறவு நேர் எதிரானது. வரையறையில் நிபந்தனை குன்றினால் எல்லை விரிகிறது, அயலான பொருள்கள் நுழைகின்றன. நிபந்தனை மிகுந்தால் எல்லை சுருங்குகிறது, உரியவை வெளியேறுகின்றன. சொற்களைக் கூட்டிக்கொண்டே போனால் துல்லியம் கூடும் என்னும் எண்ணம் இதனால்தான் தவறாகிறது. ஒரு குறிப்பிட்ட குற்றம் கண்ணில் பட வேண்டும். அதை நீக்கும் அடை ஒன்றைச் சேர்க்கவோ, மிகையான ஒன்றைக் களையவோ வேண்டும். வரையறைகள் வளர்ந்த வரலாற்றில் நான் காண்பது இதைத்தான்.

பெண்ணாடத்துக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் இதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற ஊர். அங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கேரியர் எனப் பல சுடுபொருள்கள் உருவாகின்றன. பீங்கான் என்பது எது என்று கேட்போம். வெண்மையானது என்றால், வெள்ளைக் கிளேஸ் பூசிய சாதாரண மண்பாண்டமும் உள்ளே வந்துவிடும். மெல்லியதாய் ஒளியைக் கசியவிடுவது என்றால், தடித்த பியூஸ் கேரியர் வெளியே போய்விடும். அறவே நீர் உறிஞ்சாதது என்று கண்டிப்பாகச் சொன்னால், நுட்பமாக அளக்கும்போது ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது. தருக்க நூலாரின் மூன்று குற்றங்களும் சூளை வாசலிலேயே வரிசையாக நிற்கின்றன.

டைல்ஸ் துறை இதற்குக் கண்ட தீர்வு ஓர் எண். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 13006ஆம் தரம், உலர்நிலையில் அழுத்தி உருவாக்கிய டைல்ஸ்களில் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மேற்படாதவற்றைத் தனி வகையாகப் பிரிக்கிறது. பீங்கான் டைல்ஸ் எனப்படுபவை அவையே. கணக்கு எளிது. உலர்ந்த துண்டின் எடை 200 கிராம், நீர் ஏறியபின் 201 கிராம் என்றால், ஏறிய நீர் 1 கிராம். அதை உலர் எடையால் வகுத்தால் 0.5 சதவீதம். அந்தத் துண்டு எல்லைக்கோட்டின்மேல் நிற்கிறது.

ஆயினும் எண்ணைச் சொன்னதோடு வரையறை முடிந்துவிடவில்லை. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. சில மேற்பரப்போடு தொடர்புடையவை, சில உள்ளே மூடிக் கிடப்பவை. தண்ணீரில் வெறுமனே ஊறவைத்தால் குறுகிய துளைகளில் சிக்கிய காற்று நீரை உள்ளே விடாது. கொதிநீரில் இட்டாலோ, வெற்றிடத்தில் காற்றை வெளியேற்றியபின் நீரைச் செலுத்தினாலோ, மேலும் பல துளைகள் நிரம்பும். ஒரே துண்டு, முறை மாறினால் அளவு மாறும். எனவே எந்த முறையால் அளந்தது என்பதும் அவ்வரையறையின் உறுப்பாகிறது. அறிவியல் வரையறைக்கும் அகராதிப் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படும். அகராதி ஒரு சொல்லுக்கு மறுசொல் தருகிறது. அறிவியல் வரையறையோ, ஐயம் எழும்போது என்ன செய்து பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறது.

இந்த 0.5 என்னும் கோட்டை மண் தானாக வரையவில்லை என்பதையும் மறக்கலாகாது. 0.49க்கும் 0.51க்கும் இடையே பொருளின் இயற்கையில் பிளவு எதுவும் இல்லை. தேவை கருதி மனிதர் இட்ட எல்லை அது. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அதை இயற்கை விதி என்று கொள்வது பிழை.

அளக்கும் முறையை மட்டும் சொன்னாலும் போதாத நிலை ஒன்று உண்டு. அளக்கப்படும் பொருள் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல நேரும். இதற்கு நம் இலக்கண நூல்களிலேயே அழகான சான்று கிடைக்கிறது. எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையைத் தொல்காப்பியர் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுத்தார். நுட்பமாக உணர்ந்தவர் கண்ட நெறி அது என்றும் குறித்தார். பல நூற்றாண்டுகள் கழிந்தன. மெய்கண்டாரின் காலத்தை ஒட்டி வாழ்ந்த பவணந்தி முனிவர், நன்னூலில் அதே இமையையும் நொடியையும் எடுத்துக்கொண்டு, அவை மாந்தரிடம் இயல்பாக எழுபவையாக இருக்க வேண்டும் என்று ஓர் அடையைச் சேர்த்தார். தூசு விழுந்து இமைப்பதும், மிரண்டு இமைப்பதும், வேண்டுமென்றே மெல்ல இமைப்பதும் அந்த ஓர் அடையால் விலகுகின்றன. அளவுகோல் மாறவில்லை. அதில் ஒளிந்திருந்த அதிவியாப்தி மட்டும் நீங்கியது. தமிழில் ஒரு வரையறை தீட்டப்பட்டதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இதே நிகழ்ச்சி 20ஆம் நூற்றாண்டின் இயற்பியலில் மீண்டும் நடந்தது. ஒரு நாளை 86,400 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வினாடி என்பது பழைய வரையறை. புவியின் சுழற்சி சீரானதன்று. அது சிறுகச் சிறுகத் தளர்கிறது, இடையிடையே ஏறியிறங்கவும் செய்கிறது. ஆகவே 1967இல் வினாடி அணுவுக்கு மாற்றப்பட்டது. சீசியம் 133 அணுவின் இரு நுண்ணிய ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான மாற்றத்துக்குரிய கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலைவதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடி. பத்து இலக்க எண் வந்துவிட்டதால் இனிக் குறையில்லை என்று தோன்றும். ஆனால் அணுக் கடிகாரங்கள் மேலும் நுட்பமாக, ஒரு கேள்வி எழுந்தது: எந்நிலையில் உள்ள சீசியம்? சுற்றுப்புறத்தின் வெப்பக் கதிர்வீச்சு பட்டாலே அதன் அதிர்வெண் மிகச் சிறிதளவு நகர்கிறது. எனவே 1997இல், வரையறை சுட்டுவது 0 கெல்வின் வெப்பநிலையில் அசைவின்றி இருக்கும் அணுவையே என்று விளக்கம் சேர்த்தனர். 2019இல் நடப்புக்கு வந்த புதிய வாசகம், புறத்தாக்கம் ஏதும் இல்லாத நிலையில் உள்ள அணு என்று அதை வரையறைக்குள்ளேயே அமைத்தது. பவணந்தியார் மனிதரின் இமைக்கு இட்ட நிபந்தனையையும் அளவியலார் அணுவுக்கு இட்ட நிபந்தனையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எண் பத்து இலக்கம் கொண்டிருந்தும் தீராத குறையை, இயல்பு நிலை பற்றிய ஒரு தொடர் தீர்த்தது.

கணிதத்துக்கு வருவோம். இங்கே சூளையும் இல்லை, அணுவும் இல்லை. வெளியே ஒரு பொருளை நிறுத்தி, வரையறை அதற்குப் பொருந்துகிறதா என்று ஒப்பிட வழியில்லை. அப்படியானால் எல்லைக்கோட்டை எதைக்கொண்டு இடுவது?

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சில எண்களுக்குக் காரணிகள் நிறைய உண்டு என்பது பழைய அறிவு. மணிக்கு 60 நிமிடம் வசதியாக இருப்பதற்கு, 60க்கு 12 காரணிகள் இருப்பதே காரணம். ஆனால் நிறைய என்பது எவ்வளவு? பத்துக்கு மேல் என்று கோடிட்டால், அது டைல்ஸுக்கு இட்ட 0.5 போன்ற, மனிதர் விருப்பப்படி இட்ட எல்லையாகும். மேலும் பெரிய எண்களில் எண்ணற்றவை அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். 1000க்கு 16 காரணிகள் உண்டு. கேட்கும்போது அது பெரிதாகத் தோன்றும்; ஆனால் அதைவிடச் சிறிய 840க்கு 32 காரணிகள்.

ராமானுஜன் எல்லையை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. தன்னினும் சிறிய ஒவ்வோர் எண்ணைவிடவும் அதிகமான காரணிகளை உடைய எண் என்று வரையறுத்தார். எண் வரிசையே தனக்கு அளவுகோலாகிவிடுகிறது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை செல்லும். அருணந்தியார் சொன்ன விலக்கலும் தழுவலும் இங்கே ஒரே தொடரில் நிறைவேறுகின்றன. எந்த எண்ணைக் கொடுத்தாலும் உள்ளா புறமா என்று ஐயமின்றித் தீர்க்கலாம்.

வரையறை கூர்மையானதும் அதிலிருந்து உண்மைகள் பிறக்கத் தொடங்கின. இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், 2 முதல் இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. பகா எண் பெரிதாக ஆக அதன் அடுக்கு கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1ஆகவே இருக்கும். 60 என்பது 2இன் இரண்டாம் அடுக்கு, பெருக்கல் 3, பெருக்கல் 5. இந்தக் கடைசி விதிக்கு 4, 36 என்னும் இரண்டே விலக்குகள் என்றும் ராமானுஜன் நிறுவினார். நிறைய என்ற தெளிவற்ற சொல்லை வைத்துக்கொண்டு இவ்விரண்டு விலக்குகளைப் பெயர் சுட்டிச் சொல்லியிருக்கவே முடியாது. இந்த ஆய்வை ஏற்றே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது.

கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சாகவில்லை. கணிதக் கழகத்தின் பண நெருக்கடி அதற்குக் காரணம். 1997இல்தான் அது குறிப்புரையோடு வெளிவந்தது. அதில் இன்னொரு வகை எண்ணும் இடம்பெறுகிறது. முந்தைய வரையறையில் 'அதிகமான' என்றிருந்த இடத்தில் இங்கே 'குறையாத' என்று கொள்ள வேண்டும். வேறு மாற்றம் இல்லை. 3, 8, 10, 18, 20, 30 ஆகியவை உடனே உள்ளே வருகின்றன. 60க்கும் 120க்கும் இடையே 72, 84, 90, 96, 108 ஆகிய ஐந்து எண்களுக்கும் 60ஐப் போலவே 12 காரணிகள் உண்டு. முதல் வரையறைக்கு இவை ஐந்தும் புறம், இரண்டாவதற்கு ஐந்தும் அகம்.