கரையில் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் மணி அடிக்கிற நேரத்தில், தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்புகிறவரை நிறுத்தி, 'என்ன சார், ஆராதனைக்கு வரலையா?' என்று கேட்டுப் பாருங்கள். 'எனக்கு ஆறுதாங்க சர்ச். அங்கேதான் கடவுள் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு' என்பார். மலை ஏறுகிறவர் மலையைச் சொல்வார். பைனாகுலரும் கையுமாகப் பறவை பார்க்கப் போகிறவர் ஏரியைச் சொல்வார்.

இந்தப் பதிலை நம்பலாமா?

பாதிரியார் லேசில் நம்ப மாட்டார். வீட்டில் இருக்கிற மனைவி சுத்தமாக நம்ப மாட்டார். 'ஆறு நாள் ஆபீஸ், ஏழாம் நாள் ஆறுன்னா, எங்களுக்கு எந்த நாள்?' என்று அவர் கேட்டால் அதற்கு வேதத்தில் பதில் தேடிப் பயனில்லை. கடவுளுக்கும் குடும்பத்துக்கும் பொழுதுபோக்குக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சண்டை வராமல் என்ன செய்யும்?

சண்டை ரொம்பப் பழசு. 1617-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டு லங்காஷயர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஜனங்கள் வந்து முறையிட்டார்கள். ப்யூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாட்டம் எல்லாவற்றுக்கும் தடை போடுகிறார்கள், உழைக்கிறவனுக்கு இருப்பதே அந்த ஒரு நாள்தானே என்று. ராஜாவுக்கு நியாயமாகப் பட்டது. அடுத்த வருஷம் நாடு முழுவதற்கும் ஓர் அறிவிப்பு வந்தது. 'விளையாட்டுப் புத்தகம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆராதனை முடிந்த பிறகு நடனம் ஆடலாம், அம்பு விடலாம், தாண்டலாம், குதிக்கலாம். கரடியைக் கட்டிவைத்து அதன் மேல் நாயை ஏவி வேடிக்கை பார்ப்பது மாதிரியான சமாசாரங்கள் கூடாது. காலையில் சர்ச்சுக்குப் போகாதவனுக்கு மத்தியானம் விளையாட்டும் கிடையாது. எவ்வளவு சாமர்த்தியமான ராஜா பாருங்கள்!

அவர் மகன் சார்லஸ் 1633-ல் அதை மறுபடி வெளியிட்டு, பிரசங்க மேடையிலிருந்தே வாசிக்கவேண்டும் என்றார். வாசிக்க மறுத்துப் பதவி இழந்த பாதிரிமார்கள் உண்டு. பிறகு காற்று மாறியது. ராஜாவோடு மோதிய பார்லிமென்ட்டில் ப்யூரிட்டன்கள் கை ஓங்க, 1643-ல் அந்தப் புத்தகத்தைப் பகிரங்கமாகக் கொளுத்த உத்தரவு போட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே பார்லிமென்ட் அதே 1643-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் மத அறிஞர்களின் சபை ஒன்றைக் கூட்டியது. அவர்கள் பேசிப் பேசி, 1647-ல் சிறுவர்களும் புதியவர்களும் படிப்பதற்காக 107 கேள்வி பதில்கள் கொண்ட வினாவிடை ஒன்றை எழுதி முடித்தார்கள். முதல் கேள்வி, மனிதன் எதற்காக இருக்கிறான் என்பது. பதிலில் இரண்டு காரியங்கள். ஒன்று, கடவுளை மகிமைப்படுத்துவது. இது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது, அவரை அனுபவித்து மகிழ்வது. ஆம், மகிழ்வது. ஆடாதே என்று புத்தகத்தைக் கொளுத்திய கூட்டம்தான் மனிதன் இருப்பதே மகிழத்தான் என்று குழந்தைகளுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்தது. நாங்கள் சொன்ன மகிழ்ச்சி வேறு என்று அவர்கள் வாதாடலாம். மகிழ்ச்சி என்ற வார்த்தையைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டால், அது அதை எங்கே தூக்கிக்கொண்டு ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு வீட்டில் அது ஆற்றுக்கு ஓடியது.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலம், மிஸ்ஸூலா என்ற ஊர். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பம். அங்கே பிரெஸ்பிட்டீரியன் சபைப் பாதிரியார் ஒருவர், ஜான் மெக்லீன். இந்த வினாவிடையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த ஸ்காட்லாந்து வழிச் சபை அது. நார்மன், பால் என்று இரண்டு பையன்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை, சாயங்காலம் மறுபடி ஆராதனை. இடையில் பையன்கள் ஒரு மணி நேரம் வினாவிடை படிக்கவேண்டும். படித்ததைச் சொன்னால்தான் அப்பாவோடு மலைக்கு நடக்கப் போகலாம். அப்பாவும் பெரும்பாலும் முதல் கேள்வியோடு விட்டுவிடுவாராம். அவருக்கும் வெளியே போக அவசரம்!

மற்ற நாட்களில் தூண்டில். குளத்தங்கரையில் மண்புழு கோர்த்துவிட்டு பீடி பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஃப்ளை ஃபிஷிங். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப் பூச்சி ஒன்று செய்து, நிஜப் பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரி அது தண்ணீர் மேல் பூப்போல விழும்படி வீசவேண்டும். மீன், ட்ரவுட். வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அந்த ஜாதி. சுலபத்தில் ஏமாறாது. கோலை முன்னும் பின்னும் வீசுவதற்கு நாலு எண்ணிக்கைத் தாளம் உண்டு. அந்தத் தாளத்தைப் பழக்கப் பாதிரியார் எடுத்துவந்தது, அம்மாவின் பியானோ மேல் டிக் டிக் என்று ஆடிக்கொண்டிருந்த மெட்ரோனோமை. கையைச் சும்மா விட்டால் கோணலாகத்தான் வீசும் என்பது அவர் கட்சி. ஆதிப் பாவத்துக்கும் தப்பான தூண்டில் வீச்சுக்கும் அவர் மனதில் தூரம் அதிகமில்லை.

அம்மா ஏரிக்கரை வீட்டு வராந்தாவிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பாராம், மெட்ரோனோம் தண்ணீரில் விழுந்துவிடுமோ என்று. மீன் பிடிப்பதில் அந்த அம்மாவுக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான். குடும்பத்தோடு ஜாலியாகப் போய்வந்தோம் என்று நாம் சொல்கிற பல பயணங்களில் பாதிக் குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கிறது. இதை இங்கே சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை.

மூத்தவர் நார்மன் மெக்லீன் பிற்பாடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஆனார். ஓய்வு பெற்றபின், 1976-ல், எழுபத்து மூன்றாவது வயதில், தன் குடும்பத்தைக் கதையாக்கி 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' எழுதினார். 1992-ல் ராபர்ட் ரெட்ஃபோர்டு அதைப் படமாக எடுத்தார். தம்பி பாலாக பிராட் பிட். பார்த்தவர்களுக்கு அந்த ஆறும் வெயிலும் நினைவிருக்கும். ஆனால் அழகான ஆற்றைக் காட்டுவதற்காக எழுதிய கதை இல்லை அது.

தம்பி பால் பத்திரிகை நிருபர். தூண்டில் எடுத்தால் அப்பாவையும் அண்ணனையும் தூக்கிச் சாப்பிடுகிற கலைஞன். கூடவே குடி, சூதாட்டம், கடன், அடிதடி. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. அண்ணன் ஒன்றிரண்டு தடவை கேட்க வாயெடுக்கிறார். பேச்சு எப்படியோ ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறது. இன்றைக்கு எந்தப் பூச்சி எடுபடும், எந்த மடுவில் மீன் நிற்கும், இப்படி. மூன்று பேரும் பிளாக்ஃபுட் ஆற்றில் சேர்ந்து மீன் பிடிக்கும் கடைசி நாள் ஒன்று கதையில் வருகிறது. அப்பா தன் பங்கு மீனைப் பிடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மொழியில் படித்துக்கொண்டிருக்கிறார். யோவான் எழுதிய சுவிசேஷம். இளைய மகன் இடுப்பளவு தண்ணீரில் பெரிய மீன் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். நம்பிக்கை, குடும்பம், ஆறு மூன்றும் ஒன்றாகக் கலந்த நாள் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

1938 மே மாதம், அண்ணன் இருந்த சிகாகோவுக்கே வேலைக்கு வந்திருந்த பாலை யாரோ சந்து ஒன்றில் அடித்துக் கொன்றார்கள். கொன்றவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கதையில் நார்மன் அதை மொன்டானாவில் நடப்பதாக மாற்றிக்கொண்டார். அங்கே ஒரு காட்சி. செய்தியைக் கொண்டுவந்த மூத்த மகன், தம்பியின் ஒரு கையில் அநேகமாக எல்லா எலும்புகளும் உடைந்திருந்தன என்கிறான். அறையை விட்டுப் போகவிருந்த அப்பா திரும்பி வந்து, எந்தக் கை என்று விசாரிக்கிறார். வலது கை.

தூண்டில் வீசுகிற கை. தாளம் போட்டு அவர் பழக்கிய கை. மகனைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தக் கை ஒன்றுதான். அம்மா அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

படித்துவிட்டு எனக்குள் கொஞ்சம் சண்டையே நடந்தது. அவ்வளவு வருஷம் ஒரே ஆற்றில் நின்றும் ஒருவரை ஒருவர் எட்ட முடியவில்லை என்றால் அந்த ஆற்றால் என்ன லாபம்? மீனுக்குப் பதில் மகனைப் பிடித்து உட்காரவைத்துப் பேசியிருக்கலாமே? சொல்வது சுலபம். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற வயதில் மகன், ரிடையர் ஆன அப்பா. இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசி எத்தனை நாள் ஆகிறது? டி.வி-யில் கிரிக்கெட் ஓடும்போது 'ஸ்கோர் என்னப்பா?' என்று கேட்பதுதான் சில வீடுகளில் முழுப் பேச்சுவார்த்தையும். அதைக் கேலி பண்ணாதீர்கள். அந்த ஸ்கோரும் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. முகத்துக்கு முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு எதையோ பார்த்தபடி பாசமாக இருக்கிறார்கள். ஆறு இல்லையென்றால் பாதிரியாருக்கு அந்த மகனோடு அந்தக் கடைசி நல்ல நாளும் கிடைத்திருக்காது.

ஆனால், 'ஆறுதாங்க என் சர்ச்' என்கிறவரிடம் நான் கேட்க விரும்புவது வேறு. சர்ச்சில் ஒருவர் நின்று பேசுகிறார். பிடிக்கிறதோ இல்லையோ, சில சங்கடமான கேள்விகள் உங்கள் காதில் விழுகின்றன. உன் தம்பியோடு சமாதானமா? வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயா? ஆறு அப்படியெல்லாம் கேட்காது. ஆற்றின் அருமையே அதுதான். ஆபத்தும் அதுதான். கேட்காத கடவுள் ரொம்ப சௌகரியமானவர்.

பைபிளிலேயே மீன்பிடியும் சாப்பாடும் கேள்வியும் சேர்ந்து வருகிற இடம் ஒன்று இருக்கிறது. மெக்லீன் பாதிரியார் கரையில் உட்கார்ந்து படித்தாரே, அதே யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டு நின்ற பேதுரு, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற அர்த்தத்தில் மூன்று முறை மறுதலிக்கிறான். எல்லாம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி, மீன் பிடிக்கக் கிளம்பிவிடுகிறான். கூட ஆறு பேர். மனசு சரியில்லாதபோது ஆம்பிளைகள் செய்கிற காரியம்தானே? ராத்திரி பூராவும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் யாரோ நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை போட்டால் 153 மீன். எண்ணியிருக்கிறார்கள்! எந்தக் காலத்திலும் மீன் பிடிக்கிறவர்கள் எண்ணத்தான் செய்வார்கள்.

யாரென்று தெரிந்ததும் பேதுரு தண்ணீரில் குதித்துக் கரைக்கு வருகிறான். அங்கே கரி நெருப்பு, அதன் மேல் மீன், பக்கத்தில் அப்பம். உயிர்த்தெழுந்த கடவுள் காலை டிபன் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறார். முதலில் சாப்பாடு. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கரி நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இந்தக் கரை. இன்னொன்று பேதுரு குளிர் காய்ந்துகொண்டு பொய் சொன்னானே, அந்த முற்றம். கிரேக்கத்திலேயே படிக்கிற மெக்லீன் பாதிரியார் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் இயேசு ஆரம்பிக்கிறார். தன்னை நேசிக்கிறானா என்று பேதுருவிடம் கேட்கிறார். ஒரு தடவை பதில் வந்ததும் விட்டிருக்கலாம். மறுபடி கேட்கிறார். மூன்றாவது தடவையும் கேட்கிறார். மூன்றாவது தடவை பேதுருவுக்கு மனசு நொந்துபோனது என்று யோவான் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கேட்கிறவருக்கும் அது தெரியாமல் இருக்குமா? பேச்சை மீனுக்கு மாற்றிவிடச் சந்தர்ப்பம் இல்லாமலும் இல்லை. பக்கத்திலேயே 153 கிடந்தன.

நார்மன் மெக்லீன் தன் கேள்விகளை எழுதி முடிக்கத் தம்பி இறந்து 38 வருஷங்கள் ஆயின. அப்பா, அம்மா இரண்டு பேரும் அப்போது இல்லை. தனியாகப் போகாதே என்று நண்பர்கள் சொல்லியும், வயதான காலத்தில் அவர் தனியாகவே பெரிய ஆறுகளில் போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.