புலன்வழி உயிர்ப் பகுப்பு

இந்தியச் சிந்தனை மரபு உயிர்களை இரண்டு வழிகளில் வகைப்படுத்தியது. உயிர் எவ்வாறு தோன்றுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. முட்டையில் பிறப்பவை, கருப்பையில் பிறப்பவை, புழுக்கத்தில் தோன்றுபவை, நிலத்தைப் பிளந்து முளைப்பவை என்று ஐதரேய உபநிடதம் கூறும் நால்வகைத் தோற்றம் இவ்வழிப்பட்டது. தோன்றிய உயிர் எத்தனை புலன்களால் உலகை அறிகிறது என்று பார்ப்பது மற்றொரு வழி. இதை முழுமையான கோட்பாடாக வளர்த்தது சமணம்.

சமணத்தின்படி உள்பொருள்கள் யாவும் சீவன், அசீவன் என்னும் இரண்டில் அடங்கும். சீவனின் இலக்கணம் உணர்வு என்கிறது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம். அசைவும் வளர்ச்சியும் இவ்விலக்கணத்தில் இடம்பெறவில்லை. எனவே மண், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்று சமணர் கொண்டனர். இவற்றுக்கும் தாவரங்களுக்கும் தொடுபுலன் ஒன்றே உண்டு. புழு சுவையையும் அறியும். எறும்பு மணத்தையும், வண்டு ஒளியையும், மனிதனும் விலங்குகளும் ஒலியையும் கூடுதலாக அறிவர். ஐம்புலன் உயிர்களுள் மனம் உடையவை, மனம் இல்லாதவை என மேலும் ஒரு பிரிவு உண்டு.

இதே வரிசை தொல்காப்பிய மரபியலிலும் உள்ளது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள், நத்தையும் சிப்பியும் ஈரறிவின, கறையானும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின, விலங்குகள் ஐயறிவின, மனத்தால் அறியும் மக்கள் ஆறறிவினர். இந்த ஒற்றுமையையும் ஒரு சான்றாகக் கொண்டு, தொல்காப்பியர் சமணர் என்று எஸ். வையாபுரிப் பிள்ளை வாதிட்டார். ஆயினும் வேறுபாடுகள் சிறியன அல்ல. மண்ணையும் நீரையும் தொல்காப்பியம் உயிர் வரிசையில் சேர்க்கவில்லை. சமணம் ஐம்புலன் உயிர்களுக்குள் ஓர் உட்பிரிவாக வைத்த மனத்தை அது ஆறாம் அறிவாகத் தனியே நிறுத்துகிறது.

சமணத்துக்கு இப்பகுப்பு ஒழுக்கத்தின் அடிப்படையாகும். துறவி எந்த உயிருக்கும் ஊறு செய்யாதிருக்க வேண்டும். உழுதும் சமைத்தும் வாழும் இல்லறத்தாருக்கு அது இயலாது. இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே கொல்லாமையே அவர்களுக்குரிய நோன்பு. எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து வாழ்வதாகக் கருதப்படும் கிழங்குகளை நோன்பில் உறுதியுள்ளோர் தவிர்க்கின்றனர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எல்லாச் சீவனும் இயல்பால் சமம் என்றால், புல்லைக் கொய்வதும் யானையைக் கொல்வதும் ஒன்றாகாதா? ஆண்டுக்கு ஒரு யானையை மட்டும் கொன்று உண்டால் பல உயிர்கள் பிழைக்கும் என்று வாதிட்ட துறவிகளைச் சூத்திரகிருதாங்கம் குறிப்பிட்டு, அவர்களை மறுக்கிறது. உயிரின் ஆற்றல்களைப் பிராணன்கள் என்று சமணர் எண்ணினர். ஐந்து புலன்கள், மனம், சொல், உடல் என்னும் மூன்று வலிமைகள், மூச்சு, ஆயுள் ஆகப் பிராணன்கள் பத்து. செடிக்கு உள்ளவை தொடுபுலன், உடல்வலி, மூச்சு, ஆயுள் என்னும் நான்கு. மனமுடைய ஐம்புலன் உயிருக்குப் பத்தும் உண்டு. கொலையில் அழிவது ஆன்மா அன்று, இப்பிராணன்களே. ஆகவே ஆன்மாக்கள் சமமாக இருக்கவும் கொலைகளின் கடுமை வேறுபடுகிறது. கொல்பவனின் மனநிலையும் வினையின் அளவைத் தீர்மானிக்கும்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் உயிரின் ஆற்றல்களையே அளவாகக் கொண்டார். உணவு கொண்டு வளர்தலும் இனம் பெருக்கலும் தாவரத்துக்கும், அவற்றோடு புலனுணர்வு விலங்குக்கும், பகுத்தறிவு மனிதனுக்கும் உரியவை என்றார். தொடுபுலனே புலன்களுள் முதன்மையானது என்பது அவருக்கும் உடன்பாடு. ஆனால் அதை அவர் விலங்கிலிருந்தே தொடங்கினார். இந்திய மரபினர் அதைச் செடிக்கும் உரியதாகக் கொண்டனர். செடியை வெட்டுவதும் அறத்தின் கேள்வியாக இங்கே மாறியதற்கு இதுவே காரணம்.

இன்றைய உயிரியலின் அளவுகோல் வேறு. 1735இல் லின்னேயசு உருவ ஒற்றுமையைக் கொண்டு வகுத்தார். 1859இல் டார்வின் பொது மூதாதையை அடிப்படையாக்கினார். 1977இல் கார்ல் வூஸ் மரபணுத் தடயங்களால் ஆர்க்கியா என்னும் தனிக் குழுவைக் கண்டறிந்தார். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு என்பதும் நத்தை மணம் அறியும் என்பதும் இன்று தெரிந்தவை. விலங்கியலாகக் கொண்டால் பழைய பகுப்பு பல இடங்களில் பிழையானது.

ஆனால் உயிரியல் உறவுமுறையை ஆராய்கிறது. புலன்வழிப் பகுப்பு, ஊறு செய்யும்போது எந்த உயிர் எதை இழக்கிறது என்று ஆராய்கிறது. முதல் கேள்விக்கான விடை இரண்டாவதற்கு விடையாகாது. நண்டு, கணவாய் போன்றவற்றின் வலியுணர்வு இன்று சட்டத்திலும் ஆய்வு நெறிமுறையிலும் விவாதிக்கப்படுவது, இரண்டாம் கேள்வி இன்னும் தீரவில்லை என்பதற்குச் சான்று.