அடுக்களைக் கதவிலிருந்து கூடம் வரை



முதல் வாசகத்தில் பேதுருவைப் பார்த்தோம். நம்மைப்போல் கடலை நம்பிப் பிழைத்தவர். யோப்பாவில், கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கியிருக்கிறார். உச்சிவேளை, மேல்மாடியில் செபம், நல்ல பசி. வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்குகிறது. அதில் அவர் வாழ்நாளில் வாயில் வைத்திராத உயிரினங்கள். சாப்பிடச் சொல்கிறது குரல், மாட்டேன் என்கிறார். மூன்று முறை நடந்தும் அவருக்கு விளங்கவில்லை. வழிநடந்து, செசரியாவில் யூதரல்லாத கொர்னேலியுவின் வீட்டு வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் விளங்கியது. போதிக்கப் போனவர் அங்கே பாடம் படித்தார்.

நம் தீவிலும் இது நடந்திருக்கிறது. 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், யாத்திரிகர்களை இந்தத் தனுஷ்கோடிக்கு ஏற்றிவரப் படகு கட்டியவர். கலாமின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியும் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும், கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டியவர் அவர். ஒருநாள் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் மனைவி ஆசாரம் மிகுந்தவர். முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மாட்டேன் என்றுவிட்டார். ஐயர் கோபப்படவில்லை. தம் கையாலேயே பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது, அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். பையன் தயங்கினான். ஆனால் மறுவாரம் அந்த அம்மாவே அவனை அடுக்களைக்குள் கூட்டிப்போய்த் தம் கையால் சோறு போட்டார்.

இடையில் போன அந்த ஒரு வாரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என்ன பாடுபட்டிருக்கும் அந்த மனசு! எந்த ஊருக்கும் அவர் போகவில்லை. அடுக்களைக் கதவிலிருந்து கூடம் வரைதான் தூரம். யோப்பாவிலிருந்து பேதுரு நடந்த வழிக்கு அது கொஞ்சமும் குறைந்ததல்ல என்பேன்.

பிள்ளைகளே, இந்தக் கூரையில்லாத கோவில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பவளக்கல். பூப்பூவாய்த் துளைகள் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்கு முன்பு இது பெரிய ஊர். 1914 முதல் சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் இங்கு வந்து நிற்கும். கப்பல் தலைமன்னாருக்குப் போகும். வடக்கத்தி யாத்திரிகர், கொழும்பு வியாபாரி, தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஏழைத் தமிழர் எல்லாரும் இந்த மணலை மிதித்துத்தான் போனார்கள். எத்தனை பேச்சுகளைக் கேட்டிருக்கும் இந்தக் கல்!

இன்று நாம் அக்கரைக்குப் போவது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும். யாழ்ப்பாணத்து மக்களோடு ஒரே சிலுவைப்பாதை நடக்கிறோம், ஒரே திருப்பலி காண்கிறோம். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: நம் இழுவைமடியில் அவர்கள் வலை அறுந்துபோன கதையை, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வாயால் கேட்டிருக்கிறோமா? நம் துயரத்தை அவர்களிடம் சொல்லியிருக்கிறோமா?

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள். ஐயர் கடற்கரையில் காட்டியதைப்போலக் காட்டுங்கள். அடுத்தவர் சாமி கும்பிடும் விதத்தைப் பார்த்தால் பிள்ளையின் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது பயந்தால், பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். கொர்னேலியு வீட்டில் அவருடைய விசுவாசம் குறையவில்லை. தூய ஆவியார் அங்கே இறங்கிவந்ததைக் கண்ணால் கண்டார்.

வருகிற ஞாயிறு மறைக்கல்வி நம் வகுப்பறையில் இல்லை. பாம்பனில் ஓர் இஸ்லாமியக் குடும்பம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்திருக்கிறது. சோறும் மீன் ஆணமும் ஆக்கிவைப்பதாகச் சொன்னார்கள். நாம் குழம்பு என்பதை அவர்கள் ஆணம் என்பார்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிடாமல், தாய்மாரே, நீங்களும் வாருங்கள். அந்த வீட்டு அம்மா அடுக்களைக்குள் கூப்பிட்டால், தயங்காமல் உள்ளே போங்கள்.