பெற்றவர் பெயர்

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். இயேசு சொன்னதும் இதுவே. மறைத்துக் கொடுப்பதே மேல் என்கிறது குர்ஆன். அப்படியிருக்க, மாடு வாங்கவும் பாலுக்கும் அரசு தரும் மானியத்தை யார் யார் பெற்றார்கள் என்று ஊரறிய எழுதிவைப்பது அறமாகுமா? பால் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அறமே என்பேன்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள கல்வெட்டுகளில் இடையர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ராஜராஜன் காலத்தில் கோயில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அளக்கும் உழக்குக்கும் 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயர். பெற்றவர் யார், எத்தனை உருப்படி, அவரோடு பொறுப்பேற்கும் உறவினர் யார் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. கொடுத்த மன்னன் பெயரும் வாங்கிய இடையன் பெயரும் ஒரே கோயிலில் நிற்கின்றன. அந்த இடையன் இரவலன் இல்லை. பொதுச் சொத்தைக் கையில் வாங்கியவன், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

இதற்கு மறுப்பு உண்டு, நேரிலேயே கேட்டிருக்கிறேன். ஒரு சங்கத்தில் மானியப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னபோது, ஒற்றைக் கறவை வைத்திருந்த ஓர் அம்மா என்னிடம் வந்து, "ஊரு முன்னால என்னைக் கையேந்துறவளாக் காட்டாதீங்க சார்" என்றார். லேசாகத் தள்ளிவிடக் கூடிய சொல் இல்லை அது. இரவச்சத்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். ஆனால் அதே பட்டியலைப் பார்த்துத்தான், மாடும் கொட்டகையும் இல்லாத ஒரு வீட்டுப் பெயரை ஊர்க்காரர்கள் விரல்வைத்துக் காட்டினார்கள். பேரேட்டில் அந்த வரவு செலவு பைசா பிசகாமல் இருந்தது. வவுச்சர் மாட்டைக் காட்டாது. அண்டை வீட்டுக்காரருக்குத்தான் அது தெரியும்.

ஐரோப்பாவிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. வேளாண் மானியம் பெற்றவர்களின் பெயரையும் தொகையையும் இணையத்தில் வெளியிட்டதை எதிர்த்து ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநில விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். தனிமனிதர் எல்லோரையும் வேறுபாடின்றி வெளியிடுவது அளவு மீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013-ல் சட்டத்தைத் திருத்தி, சிறுதொகை பெறுவோரின் பெயரை மட்டும் விலக்கிவிட்டு, மற்றவர்களின் பெயரை மறுபடி வெளியிட வகைசெய்தார்கள். நியாயமான எல்லை என்றே நினைக்கிறேன்.

மறைத்துக் கொடு என்ற கட்டளை தன் பொருளைக் கொடுப்பவனுக்கு இட்டது. அரசு தருவது எந்த அமைச்சரின் சொந்தப் பணமும் இல்லை. ஆனால் நம் ஊரில் கொடுப்பவரின் முகம் ஆளுயரப் பேனரில் நிற்கிறது, பெற்றவர் பட்டியல் பீரோவுக்குள் கிடக்கிறது. மறைய வேண்டியது வெளியிலும் தெரிய வேண்டியது உள்ளேயும் இருக்கின்றன. அந்த அம்மாவைக் கூனவைத்தது பட்டியல் அல்ல. மக்கள் பணத்தை யாரோ போட்ட பிச்சைபோல மேடையில் அறிவிக்கும் வழக்கம். விடிகாலையில் எழுந்து கறந்து ஊற்றுகிறவருக்கு வருவது பிச்சையாக முடியாது.

2023 டிசம்பர் 18 முதல் ஆவினுக்குப் பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை தரப்படுகிறது. இதுபோன்ற மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவில் வழியை அகலமாக்கியது. 4-வது பிரிவில் அது கைவைக்கவில்லை.

பால் ஊற்றும் உறுப்பினர்களே, உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் பட்டியலைப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். பெயர், லிட்டர், தொகை இருந்தால் போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்க விடாதீர்கள்.