திருச்சபை அங்கத்துவமும் சைவாசிரியர் கடமையும்

ஒருவன் தான் பிறந்த சமயத்தை விடுத்துப் பிறிதொரு சமயத்தாரது சபையிலே அங்கத்தவனாதல் முறையோ அன்றோ என்னும் வினா, கண்டிமாநகரிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழுஞ் சைவர்க்கு ஏட்டளவில் நிற்பதொன்றன்று. தலதா மாளிகையின் அருகே அங்கிலிக்கன் திருச்சபையாரது பரிசுத்த பவுல் தேவாலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக நிற்கின்றது. கட்டுக்கலையிலே செல்வ விநாயகர் கோயில்கொண்டு எழுந்தருளியிருக்கின்றார். நம் மாணாக்கன் இரண்டையுங் கண்டு வளர்கின்றான். அவன் ஒருநாள் நம்மிடம் வந்து, “ஐயா, தேவாலயத்திற் சேர விரும்புகின்றேன்” என்பானாயின், நாம் யாது விடை கூறற்பாலம்? சினந்து விலக்குதல் எளிது. வாளாவிருத்தல் அதனினும் எளிது. இவ்விரண்டும் ஆசிரியர்க்கு அடுத்தனவல்ல.

முதற்கண், அங்கத்துவம் யாதென ஆராய்வாம். அத்திருச்சபையிலே ஞானஸ்நானமே வாயிலாகும். குழந்தைக்கு அது செய்யப்படுமிடத்து, பழைய பொதுச் செபப் புத்தகம் ஆண்மகவாயின் ஞானத்தந்தையர் இருவரையும் ஞானத்தாய் ஒருத்தியையும், பெண்மகவாயின் ஞானத்தாயர் இருவரையும் ஞானத்தந்தை ஒருவனையும் வேண்டுகின்றது. இவர்கள் குழந்தையின் பொருட்டு வாக்குக் கொடுக்கின்றனர். குழந்தை வளர்ந்து அறிவு பெற்றபின், வினாவிடை கற்று, அவ்வாக்கைத் தன் வாயாலே தானே ஏற்றல் வேண்டும். அத்தியட்சர் தலைமேற் கைவைத்துத் திடப்படுத்துவர். வயது வந்தோர்க்குரிய ஞானஸ்நான முறை 1662ஆம் ஆண்டுப் புத்தகத்திலே சேர்க்கப்பட்டது. அதிலே சேர்பவன் தானே விடை கூறுகின்றான். கொழும்பு அத்தியட்சரது ஆளுகையில் இருந்த கண்டிச் சபைகள் 1950 முதலாகக் குருநாகல் அத்தியட்சரது ஆளுகைக்குட்பட்டன. ஆயினும் வினவிச் சேர்த்தல் என்னும் முறை மாறவில்லை. அவ்வினாவே அங்கத்துவத்தின் உயிர். ஏட்டிற் பெயரெழுதுதல் உடல் மாத்திரையே.

உயிர் நீங்கிய உடலை நம் நாடு முன்னரே கண்டதுண்டு. ஒல்லாந்தர் ஆண்ட கரையோரப் பகுதிகளிலே உத்தியோகம் பெறுதற்கு ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. ஆதலின் அகத்தே திருநீறும் புறத்தே திருச்சபைப் பெயருமாக வாழ்ந்தோர் பலர். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்நிர்ப்பந்தம் தளர்ந்தபின், அவருட் பலர் தத்தஞ் சமயத்துக்கே மீண்டனர். கண்டி இராச்சியம் 1815 வரை தன்னாட்சியுடன் நின்றமையால் அவ்வழக்கம் மலைநாட்டிற் புகவில்லை. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் பெருகித் தமிழ்த் தொழிலாளர் வந்து குடியேற, 1854இலே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. தோட்டத்துரைமார் அதற்குப் பொருளுதவினர். கூலி கொடுப்பவனும் போதகனும் ஒருபக்கத்தே நிற்பக் கண்ட தொழிலாளி கூறும் ‘ஆம்’ முற்றுஞ் சுதந்திரமானதோ? ஆயினும், எழுத்தறிவிப்பார் இல்லாத இலயங்களிலே எழுத்தறிவித்த நன்மையை மறைத்தல் நீதியன்று.

நாம் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையிலே, உபாத்தியாயப் பதவி வேண்டி ஞானஸ்நானம் பெற்றார் சிலரைக் கண்டதுண்டு. பதவி கிடைத்தபின் அவர் தேவாலயத்தையும் மறந்தார், கோயிலையும் மறந்தார். இவ்வாறு சேர்தல் பொய். சைவத்துக்கு மாத்திரமன்று, சேர்ந்த சபைக்கும் அது பொய். ஆசை காட்டிச் சேர்த்தவனும் ஆசைப்பட்டுச் சேர்ந்தவனும் அப்பொய்யிற் பங்காளரே.

அற்றேல், உண்மையாக நம்பிச் சேர்பவனை யாது செய்வது? “அவன் நாட்டையும் மரபையுந் துறந்தான்” என்பார் உளர். இக்கூற்று முற்றும் பொருந்தாது. திரித்துவக் கல்லூரியின் செபாலயம், 1935இலே பிரதிட்டை செய்யப்பட்டது, கண்டிநாட்டுச் சிற்பமுறையிலே கற்றூண் மண்டபமாக நிற்கின்றது. தம் வழிபாடு இந்நாட்டு வடிவிற் பொலிதல் வேண்டுமென்று அவரே எண்ணினர். இனி, நம் சித்தாந்தம் கூறுவதென்னை? உயிர்கள் பக்குவ பேதத்தால் பல சமயங்களிலும் நின்று படிமுறையாக ஏறுகின்றன. அவ்வச் சமயத்தார்க்கு அவ்வவ்வாறே நின்று அருளுபவன் சிவனே. மலபரிபாகமும் சத்திநிபாதமும் பிறர் கட்டாயத்தால் வருவனவல்ல. ஆகவே உண்மையன்போடு சேர்பவனை வைதலும், உறவினின்று தள்ளுதலும், பந்தியில் விலக்குதலும் சைவமாகா. உண்மையில்லாது திருநீறு பூசுபவனினும், உண்மையோடு பிறநெறி நிற்பவன் மேலானவனே.

இனி நம்மை வருத்தும் உண்மை வேறொன்றுளது. தேவாலயத்திற் சேரும் பிள்ளையை அச்சபையார் வினவுகின்றனர்: நீ நம்புவது யாது? நீ விடுவது யாது? நம் இல்லத்துப் பிள்ளையை அவ்வாறு வினவினார் யாவர்? சைவத்திலே சமயதீட்சை உண்டு, விசேடம் உண்டு, நிருவாணம் உண்டு. குருவின்முன் மாணாக்கன் அறிந்து ஏற்கும் முறை நமக்குப் புதிதன்று. இருந்தும், பிறப்பு ஒன்றே போதுமென்று கருதி அவனை வினவாமலே விட்டுவிடுகின்றோம். வினவப்படாத பிள்ளை, முதன்முதல் தன்னை வினவியவர் பக்கம் சாய்வானாயின், அதனை வியத்தற்கில்லை.

ஆறுமுக நாவலர் இதனை நன்கு அறிந்திருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்ற அவர், கிறிஸ்தவ நூலை ஐயந்திரிபறக் கற்றும் சைவராகவே நின்றார். 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பின்னர்ச் சைவ வினாவிடை எழுதினார். பிள்ளையை வினவுதலே அவர் கண்ட மருந்து.

சைவாசிரியர்காள்! “சேர விரும்புகின்றேன்” என்று வரும் மாணாக்கனை இருத்தி மூன்று வினாக்களைக் கேண்மின். நீ விடுவதை அறிந்து விடுகின்றனையா? நீ சேர்வதை அறிந்து சேர்கின்றனையா? அச்சேர்க்கையால் ஒரு காசும் ஒரு பதவியும் வாராதெனினும் சேர்வாயா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்பானாயின் வாழ்த்தி விடுமின். உங்கள் வாயிலை மாத்திரம் அடையாதீர். முதல்வினாவுக்கு விடை கூற அறியாது நிற்பானாயின், அக்குறை அவனதன்று. அவனுக்குக் கற்பியுங்கள். அதனினும் மேலாக, இம்மூன்று வினாக்களையும், எங்கும் செல்லாமல் நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்குஞ் சைவப் பிள்ளைகளிடத்தே முதலிற் கேண்மின்.

சிவம்.